எட்டாம் வகுப்புப் படத்தில் என் இடம்

எங்கள் ஊர் மியூசியத்துக்கு நான் முதன்முதலாகப் போன அன்று என் மனசில் இருந்ததெல்லாம் ஒரு பொய்தான். அதைச் சொல்லி ஒன்பது நாள் ஆகியிருந்தது. அதற்குள் அது என் மகனிடம் போய், சம்பந்தியம்மாவிடம் போய், மேட்டூரில் வாக்கப்பட்டிருக்கும் மருமகளின் அக்கா வரைக்கும் போய்விட்டது. நான் சின்னக் காரியத்துக்கும் பத்து நாள் கவலைப்படுகிறவள். கேஸை மூடினேனா, மோட்டாரை நிறுத்தினேனா, பஸ்ஸில் இருந்து பையை எடுத்தேனா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறவள். அப்படிப்பட்டவள் எந்தத் தைரியத்தில் அதைச் சொன்னேன் என்று யோசித்தால், பொறாமையைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

ஒரு மத்தியானம், பண்ணையில் முட்டை எடுத்துவிட்டு வந்து விசிறிக்குக் கீழே கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். மருமகள் போனைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"அத்தை, இது உங்க செட்டுதானுங்களே? ஊர் குரூப்புல போட்டிருக்காங்க. பழைய கச்சேரியில புதுசா மியூசியம் தொறந்திருக்காங்கல்ல, அங்க மாட்டியிருக்காங்களாம்."

கருப்பு வெள்ளைப் படம். மூன்று வரிசைப் பெண் பிள்ளைகள். மேல்வரிசை பெஞ்சின் மேல் நிற்கிறது. நடுவரிசை டீச்சர்களோடு நாற்காலியில். கீழ்வரிசை தரையில் சம்மணம் போட்டு. கீழ்வரிசைக்கு நடுவில் ஒருத்தி 'எட்டாம் வகுப்பு' என்று சாக்பீஸில் எழுதிய சிலேட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டு, உலகமே தன் மடியில் இருப்பது மாதிரி சிரிக்கிறாள்.

நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தப் படத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நீங்க இதுல எங்கீங்க?" என்றாள் மருமகள். இரண்டு விரலால் படத்தைப் பெரிசாக்கி ஒவ்வொரு முகமாக நகர்த்திக்கொண்டிருந்தாள். நான் அதில் இருப்பேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. 'நான் அதுல இல்ல சாமி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பலகைக்காரியின் சிரிப்பு போன் முழுக்க நிறைந்து நின்றது. நான் விரலை நீட்டி மேல்வரிசையில் வலது ஓரத்தைத் தொட்டேன். அங்கே ஒருத்தி, படம் எடுத்த நேரத்தில் தலையைத் திருப்பிவிட்டாள். முகம் கலைந்து புகை மாதிரி இருந்தது. ஒரு சடையும் ஒரு காதும் மட்டும் தெரிந்தன.

"இந்தா, இதுதான்."

"அட! மூக்கு அப்படியே உங்க மூக்குங்க அத்தை!"

அந்த முகத்தில் மூக்கே கிடையாது.

நாலாம் நாள் குரூப்பில் இன்னொரு செய்தி வந்தது. படத்தில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை மியூசியத்துக்கு வந்து யார் யார் என்று அடையாளம் சொன்னால், எல்லார் பெயரையும் எழுதிப் படத்துக்குக் கீழே மாட்டுவார்களாம். படத்தைக் கொடுத்த டீச்சரும் வருவாராம். அந்த டீச்சர்தான் சிலேட்டுப் பலகைக்காரி. பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை.

அந்தப் படத்தில் நான் இல்லை என்று உலகத்தில் யாருக்காவது உறுதியாகத் தெரியும் என்றால் அது அவளுக்குத்தான். முழங்கால் வலி என்றேன். கோழிக்கு மருந்து வைக்கிற நாள் என்றேன். கரண்டு போனால் தண்ணிக் குழாயை யார் பார்ப்பது என்றேன். "அதெல்லாம் அவரு பாத்துக்குவாருங்க. உங்க பேரு மியூசியத்துல வரப்போவுது, நீங்க என்னமோ ஊசி போடக் கூப்புட்ட மாதிரி பயப்படறீங்க" என்று மருமகள் ஞாயிற்றுக்கிழமைக்கு என் புடவையை அவளே தேய்த்து வைத்துவிட்டாள்.

நான் ஏன் அந்தப் படத்தில் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எட்டாம் வகுப்பு முடியப்போகிற மாசம் நான் வயசுக்கு வந்தேன். எங்கள் பக்கம் அப்போதெல்லாம் தாய்மாமன் வந்து தென்னங்கீற்றில் குச்சுக் கட்டி, பொண்ணை அதில் உட்கார வைத்து, பிறகு சீர் கொண்டுவந்து தண்ணி ஊற்றினால்தான் வெளியே வர முடியும். அதுவரைக்கும் தட்டு தனி, சொம்பு தனி, யாரும் தொடக்கூடாது. என் தாய்மாமன் லாரி டிரைவர். எனக்கு விசேஷம் ஆன அன்றைக்கு அவர் வண்டி நாக்பூரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. குச்சை ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் கட்டிக் கொடுத்தார். சீரையும் அவரே செய்துவிடட்டும் என்று பங்காளிகள் சொன்னதற்கு, அம்மா ஒற்றைக் காலில் நின்றுவிட்டாள். "கூடப் பொறந்தவன் கல்லாட்டம் இருக்கறப்ப எம்புள்ளைக்கு வேறொருத்தன் தண்ணி ஊத்துறதா?" லாரி ஆபீசில் இருந்து டிரங்கால் போட்டுப் பார்த்தார்கள். ஆக்சில் முறிந்து வண்டி எங்கேயோ ஒரு ரோட்டோரத்தில் நிற்கிறது, வருவார் என்று பதில் வந்தது. ஒன்பது நாளில் முடிய வேண்டியது பத்தொன்பது நாள் ஆயிற்று. நான் ஒரு லாரிக்காகக் காத்துக்கொண்டு கீற்றுக்குள் உட்கார்ந்திருந்தேன். ஊரில் பல பெண்களுக்கு இப்படி மாமன் வடக்கே மாட்டிக்கொண்டு நாள் நீண்டிருக்கிறது. எனக்கு மட்டும் அந்த நாட்களுக்குள் குரூப் போட்டோ வந்தது, பரீட்சையும் தொடங்கிவிட்டது.

பன்னிரண்டாம் நாள் போட்டோ எடுத்தார்கள். சிலேட்டுப் பலகையை யார் பிடிப்பது என்று எனக்கும் அவளுக்கும் அதற்கு முந்தின மாசமெல்லாம் போட்டி. ஒரு பரீட்சையில் நான் முதல் என்றால் அடுத்ததில் அவள் முதல். அன்றைக்குச் சாயங்காலம் அவள் பள்ளிக்கூடத்துச் சடை கலையாமல் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். தொடக்கூடாது என்பதால் குச்சுக்கு நாலடி தள்ளி இருந்த துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சொன்னாள். மேல்வரிசையில் யாருக்குப் பக்கத்தில் யார், நடுவரிசையில் எந்த டீச்சர் எந்த நாற்காலியில், கீழ்வரிசையில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்று ஒருவர் விடாமல் சொன்னாள். கடைசியாக, "பலகையை நாந்தான் புடிச்சேன்" என்றாள். கீற்று இடுக்கு வழியாக அவள் முகம் எனக்குத் துண்டு துண்டாகத் தெரிந்தது. அவள் கெட்ட மனசோடு சொல்லவில்லை என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அந்தக் கல்லோடு அவளைத் தூக்கிக் கிணற்றில் போட வேண்டும் என்று இருந்தது.

மாமன் வந்து சீர் முடிந்து நான் வெளியே வந்தபோது பரீட்சையில் இரண்டு முடிந்திருந்தது. மிச்சத்தை எழுதி என்ன ஆகப்போகிறது என்று அப்பா சொன்னார். அதோடு பள்ளிக்கூடம் போயிற்று.

ஆனால் வகுப்பு என்னை விட்டுப் போகவில்லை. கல்யாணமாகி வந்த வீட்டில் கோழிப் பண்ணை. காலையில் கூண்டு வரிசையில் நடந்துகொண்டே முட்டை எடுக்கும்போது வாய் சும்மா இருக்காது. வருகைப் பதிவேட்டை டீச்சர் வாசிப்பது மாதிரி முதல் பெயரில் இருந்து முப்பத்திரண்டாவது பெயர் வரைக்கும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவேன். என் பெயர் வந்தால் 'உள்ளேன் டீச்சர்' என்பேன். கோழிகள் தலையைச் சாய்த்துப் பார்க்கும். சில நாள் அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சொன்ன வரிசைப்படி சொல்லுவேன். அதில் என் பெயர் வராது. அன்றைக்கு முட்டைகளை அட்டையில் வைக்கிற வேகத்தில் ஒன்றிரண்டு உடைந்துபோகும்.

ஞாயிற்றுக்கிழமை மருமகளின் ஸ்கூட்டியில் போய் இறங்கினோம். நாங்கள் படித்த பள்ளிக்கூடம் அந்தக் கட்டடத்தில்தான் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் கச்சேரியாக, தாலுகா ஆபீசும் போலீஸ் ஸ்டேஷனுமாகக் கட்டியது. சுவர் ஒரு முழ அகலம். வாசலில் நான்கு பெரிய தூண், உள்ளே வளைவு வளைவாகக் கதவு. கச்சேரி போனதும் பள்ளிக்கூடம் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் கட்டியதும் வௌவால் வந்தது. இப்போது மியூசியம். வெள்ளையடித்து, தூணுக்கு மஞ்சள் பூசி, வெளியில் செருப்பு விடச் சொல்லிப் பலகை வைத்திருந்தார்கள். செருப்பை யாராவது மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்களோ என்று என்னுடையதைத் தூணுக்குப் பின்னால் தனியாகத் தள்ளி வைத்தேன்.

பொறுப்பாளர் தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் மூன்று பேனா. "வாங்கம்மா, வாங்க. போட்டோக்கு வந்தீங்களா? டீச்சர் இன்னும் வல்ல. அதுக்குள்ள சுத்திப் பாருங்க" என்று அழைத்துப்போனார்.

முதல் அறையில் நடுகல் ஒன்று. கையில் வாளோடு ஒரு வீரன். இரண்டாவது அறையில் தானியம் அளக்கிற வள்ளம், மாக்கல்லில் குடைந்த கல்சட்டி, மரப்பெட்டி, பித்தளைத் தவலை. ஒவ்வொன்றுக்கும் கீழே கண்ணாடி போட்ட அட்டையில் பெயர், என்ன வேலைக்குப் பயன்பட்டது, யார் கொடுத்தது என்று அச்சடித்திருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. இதே வள்ளம் எங்கள் வீட்டுப் பரண் மேல் இருக்கிறது. இதைவிடப் பெரிய கல்சட்டியில் எங்கள் வீட்டு ஆடு தண்ணி குடிக்கிறது. அதுவும் அதே வயசுதான். அதற்கு மட்டும் அட்டை கிடையாது. கூட்டத்தில் யார் முந்தி வந்து நிற்கிறார்களோ அவர்களுக்குத்தான் எதுவும் என்று நினைத்துக்கொண்டேன்.

"இதென்னங்க அத்தை, ஜெயில் மாதிரி இருக்குது?" என்றாள் மருமகள்.

கடைசி அறை. கச்சேரிக் காலத்தில் லாக்கப். ஜன்னலுக்கு விரல் தடிமனுக்கு இரும்புக் கம்பி. நாங்கள் படித்தபோது அதுதான் எட்டாம் வகுப்பு. அந்தக் கம்பிகளில் எங்கள் சாப்பாட்டுத் தூக்குகளைத் தொங்கவிட்டிருப்போம். இப்போது அதைப் பள்ளிக்கூட அறை என்று வைத்திருந்தார்கள். ஒரு பெஞ்சு, கரும்பலகை, கைமணி, கிழிந்த உலக வரைபடம். எதிர்ச் சுவரில், நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் மேலே, அந்தப் படம். போனில் பார்த்ததைவிடப் பத்து மடங்கு பெரிசு. கீழே அட்டையில் 'படம் அளித்தவர்' என்று அவள் பெயரும் அவள் படித்த படிப்பும் இருந்தன. படிப்பு பெயரைவிட நீளம்.

அவள் வந்தாள். மூக்குக் கண்ணாடிக்குச் சங்கிலி போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். நல்ல காட்டன் புடவை. முழங்காலைப் பிடிக்காமல் மூன்று படி ஏறினாள். அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். பொறுப்பாளர் "டீச்சர், வாங்க டீச்சர்" என்று ஓடினார். வேடிக்கை பார்க்க வந்திருந்த இரண்டு மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். எனக்கும் கால் தானாக எழுந்துவிட்டது. அதுவும் கோபமாக இருந்தது.

"ஏம்புள்ள, நல்லாருக்கியா? எத்தன வருசமாச்சு!" என்று என் கையைப் பிடித்தாள். "பண்ணையெல்லாம் எப்புடிப் போவுது? முட்டை சாப்புடறப்பல்லாம் உன்னைய நெனச்சுக்குவேன்."

"ஓட்டத்தான் செய்யுது" என்றேன். என் கை வேர்த்திருந்ததை அவள் கவனித்திருப்பாளோ என்று அதை உருவி முந்தானையில் துடைத்தேன்.

பொறுப்பாளர் ஒரு கட்டம் போட்ட தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தார். மருமகள் ஓரமாக நின்று போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தாள். "டீச்சர், நீங்க ஆரம்பிங்க" என்றார்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்துக்குக் கிட்டப் போனாள். தன்னைச் சொன்னாள். அந்தக் காலத்துத் தலைமையாசிரியையைச் சொன்னாள். படத்தில் தன் பக்கத்தில் இருந்த இரண்டு பேரைச் சொன்னாள். பிறகு "இவ வந்து... பேரு நாக்குல இருக்குது... அந்த மளிகைக்கடைக்காரர் புள்ள" என்றாள். அடுத்தவளில் நின்றாள். அடுத்தவளைத் தாண்டி அதற்கு அடுத்தவளைச் சொன்னாள், அதுவும் தப்பு.

நான் சும்மா இருந்திருக்கலாம். தப்பாகவே எழுதிக்கொண்டு போனால் என் பொய்யும் அந்தத் தப்புகளுக்கு நடுவில் கரைந்துபோயிருக்கும். ஆனால் நாற்பது வருஷம் கோழிகளிடம் சொன்னது வாயை முட்டிக்கொண்டு நின்றது.

"அது அவ இல்ல" என்றேன். "அவ அதுக்கு ரெண்டு தள்ளி."

பிறகு சொல்ல ஆரம்பித்தேன். கீழ்வரிசையில் இடது பக்கத்தில் இருந்து. ஒருத்தியைக்கூட விடவில்லை. அந்தப் பெயர்களை இங்கே எழுத மாட்டேன். அவரவர் இப்போது பேரன் பேத்தியோடு இருக்கிறார்கள். நான் சொல்லச் சொல்லப் பொறுப்பாளர் எழுதிக்கொண்டே வந்தார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். எங்கள் டீச்சர் கேட்ட கேள்விக்கு நான் முந்திப் பதில் சொன்னால் அந்தக் காலத்தில் இவள் இதே மாதிரி பார்ப்பாள். அந்தப் பார்வை எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கொஞ்சம் மெதுவாகவே சொன்னேன்.

மேல்வரிசை வந்தது. வலது ஓரம் வந்தது. நின்றுவிட்டேன்.

"இந்தக் கடைசி?" என்றார் பொறுப்பாளர். "மொகம் ஒன்னுமே தெரியல."

மருமகள் போனுக்குப் பின்னாலிருந்து சிரித்தாள். "சொல்லுங்க அத்தை! வெக்கப்படறாங்க சார். அது அவிய தானுங்க."

பொறுப்பாளர் பென்சிலோடு என்னைப் பார்த்தார். இப்போது டீச்சர் வாயைத் திறப்பாள், மருமகளுக்கு முன்னால், வீடியோவுக்கு முன்னால். சம்பந்தி வீட்டில் என்ன சொல்வார்கள்? என் மகன் என்ன நினைப்பான்? என் பெயரை முணுமுணுத்தேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

டீச்சர் படத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு கையைத் தட்டிச் சிரித்தாள்.

"ஆமாமா, இவளேதான்! எழுதிக்குங்க சார். போட்டோக்காரரு ஒன்னு ரெண்டுன்னு எண்ணறப்ப ஓட்டு மேல கொரங்கு ஓடுச்சு, இவ திரும்பிட்டா. எப்பவும் ஒரு எடத்துல நிக்க மாட்டா இவ."

நான் தப்பித்துவிட்டேன். பொறுப்பாளரின் பென்சில் என் பெயரின் முதல் எழுத்தை எழுதிவிட்டது. மருமகள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். என் பெயர் இனி அந்தச் சுவரில் இருக்கும். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

அப்போதுதான் எனக்கு ஆத்திரம் வந்தது. நான் அன்றைக்கு அங்கே இல்லை என்பது இவளுக்கு ஞாபகமே இல்லை. நான் நாற்பது வருஷம் சுமந்தது இவள் கையில் ஒரு நாள்கூட இல்லை. நான் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். குரங்கு மட்டும் நினைப்பில் இருக்கிறது. நான் யாரைப் பார்த்து இத்தனை காலம் வயிறு எரிந்தேனோ, அவளுக்கு அப்படி ஒரு போட்டி நடந்ததே தெரியாது.

"அழிங்க சார்" என்றேன்.

"என்னங்கம்மா?"

"அது நான் இல்ல. நான் அந்தப் போட்டோவுலயே இல்ல." அவள் பக்கம் திரும்பினேன். என் குரல் லாக்கப் சுவரில் மோதி எனக்கே பெரிசாகக் கேட்டது. "நான் குச்சுல ஒக்காந்திருந்தேன். எங்க மாமன் வண்டி நாக்பூர்கிட்ட நின்னுபோச்சு. அன்னிக்குச் சாயங்காலம் நீதான் எங்க ஊட்டுக்கு வந்து தொவைக்கிற கல்லு மேல ஒக்காந்து, யாரு எங்க நின்னாங்கன்னு ஒரு மணி நேரம் சொன்னே. கொரங்கப் பாத்துத் திரும்புனது கல்லொடைக்கிறவரு மகன்னு நீதான் சொன்னே. நான் இப்ப சொன்னதெல்லாம் நீ சொன்னதுதான். எனக்கென்ன, நான் பாத்தனா?"

வீடியோ எடுத்த கை கீழே இறங்கியது. நான் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அவளுக்கு நான் இல்லாதது தெரிய வேண்டும் என்றுதான் சொன்னேன். நல்ல காரியம் செய்தேன் என்று மருமகள் பிறகு சொன்னபோது, இதை அவளிடம் விளக்க முடியவில்லை.

"நானா வந்து சொன்னேன்?" என்றாள் டீச்சர். கண்ணாடிச் சங்கிலியை விரலில் சுற்றினாள். "சத்தியமா எனக்கு ஞாபகம் இல்லடி." பிறகு குரல் கொஞ்சம் மாறியது. "அதுக்காக இத்தன வருசமா இதையேவா மனப்பாடம் பண்ணிட்டு இருந்தே?"

"எட்டாவதுக்கு மேல எனக்கு வேற பாடம் யாரு சொல்லிக் குடுத்தா?"

அவள் முகம் சுருங்கியது. அதைப் பார்த்து எனக்கு நிறைவாக இருந்தது, உடனே கவலையும் வந்தது. ஊருக்கே டீச்சர், அவளை இப்படிப் பேசிவிட்டோமே என்று. கல்லுடைக்கிறவர் மகளின் பெயரைச் சொன்னேன். பொறுப்பாளர் ரப்பரால் என்னை அழித்துவிட்டு அவளை எழுதினார். அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று இருவருக்குமே தெரியவில்லை. குவாரி மூடியதும் அந்தக் குடும்பம் போய்விட்டது.

தாளை மடித்தபடி அவர் சொன்னார்: "அம்மா, பழைய குரூப் போட்டோவுல எல்லாம் அடியில ஒரு வரி போடுவாங்க, 'வராதவர்'னு. எங்க ஆபீஸ் போட்டோவுலயும் உண்டு. நீங்க அந்த வகுப்புதானே? உங்க பேரை அதுல போட்டர்லாங்களா?"

"போடுங்க சார், போடுங்க" என்றாள் டீச்சர் உடனே.

அவள் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. என் பெயரைப் போடச் சொல்ல இவள் யார்? "ஒன்னும் வேண்டாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து தூணுக்குப் பின்னால் இருந்த செருப்பை மாட்டினேன்.

மருமகளின் ஸ்கூட்டியில் திரும்பினோம். சம்பந்தி வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று தோள் குலுங்க அவள் சிரிப்பது தெரிந்தது.

"அப்ப அந்த மூக்குங்க அத்தை?"

"அது உன்ற கண்ணு பண்ணுன வேலை சாமி. ரோட்டப் பாத்து ஓட்டு."

அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேண்டாம் என்று ஏன் சொன்னேன்? வராதவள் என்றாலும் அந்தச் சுவரில் ஒரு வரி. அவள் பெயருக்குப் பக்கத்தில் இல்லை, அடியில்தான். ஆனாலும் படம் பார்க்கிறவர்கள் கடைசியில் அதைப் படிப்பார்கள். மறுநாள் காலையில் முட்டை எடுக்கப் போவதற்கு முன்னால் மருமகளின் போனில் பொறுப்பாளரைக் கூப்பிட்டேன். "சார், நேத்து நான் வேண்டாம்னு சொன்னது... போட்டுருங்க."

"சந்தோசம்மா. ஒரு பேருதானுங்களே? வேற யாராச்சும் அன்னிக்கு வரலையா?"

"ஒரு பேருதாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அது அடுத்த பொய். அன்றைக்கு இன்னொருத்தியும் வரவில்லை. பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் இரண்டும் புடைத்து வீட்டில் கிடந்தாள். துவைக்கிற கல்லில் உட்கார்ந்தவள் அதையும் சொல்லியிருந்தாள். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் அந்த ஒரு வரியாவது எனக்கென்று தனியாக இருக்கட்டும் என்று தோன்றிவிட்டது. அவளுக்கு என்ன, ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்து பரீட்சை எழுதி, ஒன்பதாவது போய், பத்தாவதும் போனவள்தானே. அவள் ஒரு படத்துக்கு மட்டும்தான் வரவில்லை.

மூன்று நாள் தாங்கினேன். கூண்டு வரிசையில் பெயர் சொல்லிக்கொண்டு போகும்போது அவள் பெயர் வந்தால் நாக்கு தடுக்கியது. கோழிகள்கூடக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி பார்த்தன. நாலாம் நாள் மறுபடியும் போன் செய்தேன். "சார், இன்னொருத்தியும் இருக்கறா. மறந்துட்டேன்." மறந்துவிட்டேன் என்பதும் பொய்தான். அதோடு விட்டுவிட்டேன்.

போன வாரம் மருமகள் அட்டையைப் படம் எடுத்துக்கொண்டுவந்து காட்டினாள். எல்லாப் பெயரும் சரியாக இருந்தன. அடியில் 'வராதவர்கள்' என்று போட்டு இரண்டு பெயர். பொறுப்பாளர் கச்சேரி வேலை பார்த்தவர் அல்லவா, எல்லாவற்றையும் முறைப்படி செய்திருந்தார். எங்கிருந்தோ பழைய வருகைப் பதிவேட்டைத் தேடி எடுத்து, அதில் இருக்கிற வரிசைப்படி எழுதியிருந்தார்.

பதிவேட்டில் பொன்னுக்கு வீங்கி வந்தவளுக்கு ஒன்பதாம் எண். எனக்குப் பதினேழு. அவள் பெயர்தான் முதலில் இருக்கிறது.